அப்பாவின் லாரி இருந்த சேவ்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்தாவது மாதம் அது. கால் ஓரளவு தேறிவிட்டது. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போய்வருவார். இடது கைதான் வரவில்லை. விரல்கள் உள்பக்கமாக மடங்கியே கிடந்தன. பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, ஒரு நாளைக்கு நூறு முறை அமுக்கச் சொன்னார். அப்பா இரண்டு நாள் அமுக்கினார். மூன்றாம் நாள் பந்து தெருவில் கிடந்தது.

"பந்த வச்சு விளையாட நான் என்ன பச்சப்புள்ளையா?" என்றார். வாய் லேசாகக் குழறினாலும் கோபம் தெளிவாக வந்தது.

முப்பது வருடம் லாரி ஓட்டிய மனிதர். சிவகாசியிலிருந்து பட்டாசு லோடு, விருதுநகரிலிருந்து வத்தல் லோடு என்று வடக்கே அவர் போகாத ஊர் இல்லை. அவருக்கு இடது கை என்றால் கியர்க் கம்பிதான். அது எனக்குத் திடீரென்று ஒரு மத்தியானம், சூலக்கரையில் அலுவலகக் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. என்னிடம் லாரி ஓட்டும் வீடியோ கேம் ஒன்று இருந்தது. கல்லூரிக் காலத்திலிருந்து ஆடுகிறேன். தோழி ஒருத்தி வெளிநாடு போகும்போது விட்டுப்போன ஸ்டியரிங்கும் கியர்க் கம்பியும் பரணில் கிடந்தன. அன்று சாயங்காலமே இறக்கித் துடைத்து, மேசையில் பூட்டி, லேப்டாப்போடு இணைத்தேன்.

அப்பா உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். உடனே முகம் சுளித்தார்.

"என்னத்தா இது, கோட்டி புடிச்ச வண்டியா இருக்கு? ஸ்டியரிங்கு இடப்பக்கம் இருக்கு. ரோட்டுல வலப்பக்கமாப் போறான்."

சொன்னது சரிதான். அந்த கேமில் இருந்ததெல்லாம் வெளிநாட்டு லாரிகள். கியர் வலது கைக்கு. வலது கைதான் அப்பாவுக்கு நன்றாக இருந்ததே. அது வேலை செய்து என்ன பிரயோசனம்?

ஆகவே மோட் தேட ஆரம்பித்தேன். மோட் என்றால், கேமைச் செய்த கம்பெனி தராததை வெளியாட்கள் செய்து தருவது. யாரோ ஒருவர் நம் ஊர்ச் சாலைகளை வரைந்திருப்பார். இன்னொருவர் ஏர் ஹாரன் சத்தத்தைப் பதிவு செய்து போட்டிருப்பார். அவற்றைக் கேமோடு சேர்த்துக்கொண்டால் நம் ஊர் வந்துவிடும். ஒன்றரை வாரம் தேடி இருபத்து மூன்று மோட் சேர்த்தேன். தென்மாவட்டச் சாலைகள், சுங்கச்சாவடி, மாடு, ஷேர் ஆட்டோ, வெயில் நிறம் எல்லாம் வந்தன. கடைசியில் ஒரு லாரி கிடைத்தது. வலப்பக்க ஸ்டியரிங். கேபினுக்குள் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துத் தொங்கின. பக்கவாட்டில் பட்டாசுப் பெட்டியின் லேபிள் மாதிரி ஒரு தோகை விரித்த மயில். சிவகாசிப் பக்கத்து ஆள் யாரோ செய்தது என்று பார்த்ததுமே தெரிந்தது.

அப்பா அந்த லாரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கேமில் லாரியை விலைக்கு வாங்க வேண்டும். நான் பொத்தானை அழுத்தியதும் கேட்டார்: "ஆர்.சி. புக்கு யார் பேர்ல?"

"உங்க பேர்லதாம்ப்பா."

முப்பது வருடமும் அடுத்தவர் வண்டி ஓட்டியவர். அன்று ஒரு மணி நேரம் அதை நகர்த்தாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

முதல் வாரம் இடது கையை வலது கையால் தூக்கிக் கியர்மேல் வைத்தார். இரண்டாவது வாரம் தோளிலிருந்து தள்ளி முதல் கியர் போட்டார். விரல் பிடிக்கவில்லை, உள்ளங்கைதான் தள்ளியது. இரண்டு மாதத்தில் மூன்றாவது கியர் விழுந்தது. காலை ஆறரைக்கு ஒரு நடை, சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்ததும் ஒரு நடை. லோடு இறக்கியதும் வண்டியைச் சுற்றி டயர் பார்ப்பார். பார்க்காமல் அணைக்க விடமாட்டார். பயிற்சிக்காரர் வந்து விரல்களைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்ன செஞ்சீங்களோ, அதையே செய்யுங்க" என்றார்.

இதைக் கெடுத்தது நான்தான்.

அதே லேப்டாப்பில் எனக்கும் ஓர் ஆட்டம் இருந்தது. பனி பெய்யும் நாட்டுச் சாலைகள், மரம் ஏற்றும் பெரிய லாரி, எனக்கென்று பதினைந்து மோட். என் மோட்டும் அப்பாவின் மோட்டும் ஒரே ஃபோல்டரில் கலந்து கிடந்தன. அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. ஒரு சனிக்கிழமை ராத்திரி கேமின் புதிய பதிப்பு வந்தது. என் பனிச்சாலைக்கு அது தேவைப்பட்டது. "எல்லாவற்றையும் அப்டேட் செய்" என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்திவிட்டு இட்லிக்கு மாவு வாங்கப் போய்விட்டேன்.

ஞாயிறு காலை நான் குளித்துவிட்டு வரும்போது அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேமில் வண்டி நிறுத்தும் பட்டறை காலியாக இருந்தது. லாரி இல்லை.

"ஏத்தா, வண்டிய வித்துட்டியா?"

"நான் ஏம்ப்பா விக்கப் போறேன்?"

"இங்கிலீசுல ஏதோ வந்துச்சு. சரின்னு ஒண்ணு இருந்துச்சு, அமுக்கினேன். வண்டியக் காணோம்."

நடந்தது எனக்குப் புரிந்தது. அந்தப் பொத்தான் மோட்களையும் புதுப்பித்திருந்தது, லாரி மோட்டின் புதிய பதிப்பில் அந்தப் பழைய லாரி இல்லை. அப்பாவின் சேவ் ஃபைல், அதாவது அவர் ஆடிய ஆட்டத்தின் நிலையைச் சேமித்து வைத்திருக்கும் கோப்பு, அந்த லாரியைத் தேடியிருக்கிறது. கிடைக்கவில்லை என்றதும் கேம் அதை நீக்கிவிட்டுத் திறந்திருக்கிறது. அதோடு நிற்கவில்லை. லாரி இல்லாத நிலையையே தானாகச் சேமித்தும் விட்டது. நான் வேறு பதற்றத்தில் மூன்று முறை மூடித் திறந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு பழைய சேவ் அழிந்து அந்த இடத்தில் காலிப் பட்டறை உட்கார்ந்துகொண்டது.

"வேற லாரி எடுத்துத் தாரேம்ப்பா. புதுசா வந்திருக்கு. இதவிட நல்லாருக்கு."

"வேண்டாம்." ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அடுத்த நான்கு நாளும் அவர் மேசைப் பக்கமே வரவில்லை. ஐந்தாம் நாள் அம்மா சோறு போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாள், "அந்தக் கையப் பாரு. மறுபடி மடங்குது."

பார்த்தேன். கட்டைவிரல் உள்ளே போயிருந்தது.

அன்றைக்கு முடிவு செய்தேன். அந்த லாரியை அந்த இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்துவேன். அதுவரை என் பனிச்சாலையைத் திறப்பதில்லை.

முதலில் அழியாத சேவ் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினேன். கேம் ஐந்து சேவ்களைச் சுழற்சியில் வைத்திருக்கும். நான்கில் காலிப் பட்டறை. ஐந்தாவது, அப்டேட்டுக்கு முன் சனிக்கிழமைச் சாயங்காலம் சேமித்தது. அதைத் திறக்கவில்லை. திறந்தால் அதுவும் போய்விடும். பென்டிரைவில் ஒன்று, செல்போனில் ஒன்று, அம்மாவின் செல்போனில் ஒன்று என்று மூன்று பிரதி எடுத்துவைத்தேன். மூலத்தைத் தொடுவதில்லை, ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாக ஒரு பிரதி. அதன்பிறகு இந்த விதியை நான் ஒருநாளும் மீறவில்லை.

பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஃபோல்டரில் இருந்த முப்பத்தெட்டு மோட்டையும் எழுதினேன். எது அப்பாவுடையது, எது என்னுடையது, எது இரண்டு பேருக்கும் பொது, எது எந்தப் பதிப்பு. கேமைப் பழைய பதிப்புக்கு இறக்கினேன். அப்பாவுடையதை மட்டும் தனி ஃபோல்டரில் போட்டேன். ஒரு பிரதியைத் திறந்தேன். கேம் நடுவிலேயே நின்றுபோனது. அடுத்த பிரதியை எடுத்து, மோட்டில் பாதியை நிறுத்திவைத்துத் திறந்தேன். பிறகு மறு பாதி. என் லேப்டாப் ஒவ்வொரு தடவையும் திறக்க ஆறு நிமிடம் எடுத்துக்கொள்ளும். அந்த ஆறு நிமிடத்தில் வெங்காயம் நறுக்கினேன், துணி மடித்தேன், நோட்டில் கோடு போட்டேன். பத்து நாள், காலையில் ஒரு மணி, மாலையில் இரண்டு மணி. அப்பா கட்டிலில் இருந்தபடியே பார்ப்பார்.

முடிவில் இரண்டு மோட்கள் குற்றவாளிகளாக மிஞ்சின. ஒன்று, சாலை மோட். அதன் பழைய பதிப்பு அதைச் செய்தவரின் இணையப் பக்கத்திலேயே இருந்தது, இறக்கிக்கொண்டேன். இன்னொன்று லாரி. அதன் பக்கத்தில் புதிய லாரி மட்டும்தான் இருந்தது. கீழே இரண்டு வரி: "பழைய மயில் வண்டி எடுக்கப்பட்டுவிட்டது. கேட்க வேண்டாம்."

கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். மூன்றாவது கடிதத்துக்கு ஒரே வரியில் பதில் வந்தது: "அதை இனி யாருக்கும் தருவதாக இல்லை. மன்னிக்கவும்."

நான்காவது கடிதத்தில் மோட் பற்றி எதுவும் எழுதவில்லை. அப்பாவைப் பற்றி எழுதினேன். பந்தைத் தெருவில் எறிந்தது, ஆர்.சி. புக் யார் பேரில் என்று கேட்டது, கட்டைவிரல் மறுபடி உள்ளே போனது, எல்லாம். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "நீங்க எந்த ஊரு?" விருதுநகர் என்றேன். "நான் நாரணாபுரம். ஞாயித்துக்கிழமை லேப்டாப்போட வாங்க."

சிவகாசிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, லாரி மோட் செய்கிற ஒரு இளவட்டத்தைக் கற்பனை செய்துகொண்டு போனேன். கதவைத் திறந்தது என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு பெண். காதில் கண்ணாடியின் கயிறு தொங்கியது.

"நீங்கதானா? வாங்க, வெயில்ல வந்திருக்கீக. மோர் குடிக்கீகளா?"

அவர் பட்டாசு லேபிள்களுக்குப் படம் வரைபவர். அறை முழுக்க அச்சான லேபிள் தாள்கள். இரண்டு பெரிய திரைகள். லாரி செய்வது அவருடைய பொழுதுபோக்கு. பக்கத்துப் பாதையில் லோடு ஏற்றிக்கொண்டு நிற்கும் வண்டிகளைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அந்த ஆசை வந்ததாம். இணையத்தில் பெண் என்று சொல்லிக்கொண்டதில்லை.

மோரைக் குடித்து முடித்ததும் அவரே ஆரம்பித்தார்.

"அந்த மயில நான்தான் வரைஞ்சேன். ஒரு கம்பெனி லேபிளுக்கு. நல்லா வந்துச்சேன்னு லாரிலயும் போட்டுவிட்டேன். என் தங்கச்சி வீட்டுக்காரரு அங்கனதான் போர்மேனா இருந்தாரு." கண்ணாடியைக் கழற்றினார். "வெடிமருந்து கலக்குற ரூம்ல வெடிச்சிருச்சு. அவரையும் சேத்து மூணு பேரு."

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அதுக்கப்புறமும் அந்த வண்டிக்கு டெய்லி கமெண்டு வரும். தீவாளி லாரி சூப்பர், வெடி லாரி மாஸ்ன்னு. சிரிக்கிற படம் போடுவாங்க. அவங்களுக்கு என்ன தெரியும், பாவம். என்னாலதான் அதப் பாக்க முடியல. எடுத்துட்டேன். எங்கிட்ட இருந்த காப்பியையும் அழிச்சிட்டேன். உங்களுக்குத் தரணும்னாலும் எங்கிட்ட இல்ல."

பஸ்ஸில் வந்த நேரமெல்லாம் எப்படிக் கேட்டு வாங்குவது என்றே யோசித்திருந்தேன். இப்போது கேட்கவே கூச்சமாக இருந்தது. லேப்டாப் பையின் வாரை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

"எங்க கிளம்புறீக? இருங்க. நீங்க எழுதினதுல இருந்து நான் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன். சேவுக்குப் படமெல்லாம் தெரியாதுல்ல? பேருதான தெரியும்?"

அது உண்மை. சேவ் ஃபைலுக்குள் மயிலும் இல்லை, லாரியின் நிறமும் இல்லை. கேபினுக்கு ஒரு பெயர், எஞ்சினுக்கு ஒரு பெயர், பின்பெட்டிக்கு ஒரு பெயர். அந்தப் பெயர்களில் ஏதாவது இருக்கிறதா என்றுதான் கேம் தேடும். புதிய லாரியை எடுத்து, அதன் பாகங்களுக்குப் பழைய பெயர்களை வைத்தால் சேவ் அதையே தன் லாரி என்று ஏற்றுக்கொள்ளும்.

"பேரு எல்லாம் எனக்கு ஞாபகம் இல்ல. உங்க சேவப் பிரிச்சுப் பாக்கலாம்" என்றார்.

பிரித்தோம். நான் சேவைத் திறந்து ஒவ்வொரு பெயராக வாசித்தேன், அவர் தட்டச்சு செய்தார். முதல் பிரதியைத் திறந்தபோது லாரி மறுபடி காணாமல் போனது. கேம் எழுதிவைத்த பிழைப்பட்டியலில் தேடினேன். ஒரு சக்கரத்தின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. திருத்தினோம். இரண்டாவது பிரதியிலும் லாரி இல்லை, பின்பெட்டியின் பெயர் விட்டுப்போயிருந்தது. சேர்த்தோம். மூன்றாவதிலும் லாரியே இல்லை. ஒரு மணி நேரம் இரண்டு பேரும் பட்டியலை வரிவரியாகப் பார்த்தோம். அவர் சலித்துப்போய், "விட்டுருவமா?" என்றார். நான் "இன்னும் எம்புட்டு வரி இருக்கு?" என்றேன். சிரித்துவிட்டு மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கடைசியில் பார்த்தால், கேபினில் தொங்கிய எலுமிச்சம்பழம். அதற்கும் ஒரு பெயர் இருந்தது. புதிய லாரியில் அவர் அதைச் சேர்க்கவே இல்லை.

நான்காவது பிரதி திறந்தது. பட்டறையில் லாரி நின்றது. பக்கவாட்டில் மயில் இல்லை, வெறும் மரநிறம். ஓடோமீட்டரில் அப்பா ஓட்டிய கிலோமீட்டர் அப்படியே இருந்தது. நாரணாபுரத்துக்காரர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்பாவுக்குப் படம் ஏதும் வேணும்னா சொல்லுங்க, வேற வரைஞ்சு தாரேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைக் கூப்பிடவில்லை. முதலில் வேலையை முடித்தேன். கேமையே இரண்டு பிரதியாக்கினேன். பழைய பதிப்பு அப்பாவுக்கு, புதியது எனக்கு. இரண்டுக்கும் தனித்தனி ஃபோல்டர். அப்பாவின் ஃபோல்டருக்குள் அவருடைய மோட்டும் சேவும், எந்த மோட் எந்த வரிசையில் என்ற பட்டியலும். தானாக அப்டேட் ஆவதை அடைத்தேன். பொதுவாக இருந்த மோட்களை இரண்டிலும் தனித்தனியாக வைத்தேன். இடம் வீணாகிறது என்று பார்க்கவில்லை. மூன்று முறை மூடித் திறந்து பார்த்தேன். மூன்று முறையும் லாரி நின்றது.

மறுநாள் காலை ஆறரைக்குக் கட்டில் அருகே போய், "அப்பா, வண்டி வந்திருச்சு" என்றேன்.

நம்பாமல்தான் எழுந்துவந்தார். உட்கார்ந்து பார்த்தார். லாரியைச் சுற்றி ஒரு முறை பார்வையைத் திருப்பினார். பக்கவாட்டில் பார்வை நின்றது.

"மயிலக் காணோம்?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாரணாபுரத்தில் கேட்டதை அப்படியே சொன்னேன். அப்பா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார். பிறகு, அவர் லோடு ஏற்றப்போன ஓர் இடத்தில் மறுமாதம் போனபோது கட்டடமே இல்லாமல் இருந்ததைச் சொன்னார். அங்கே பெட்டி ஏற்றிக்கொடுத்த ஒருவர் அவரிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பாராம். அந்த ஆளைப் பற்றி முன்னே பின்னே எங்களிடம் அவர் சொன்னதே இல்லை.

"அந்த அக்கா வேற படம் வரைஞ்சு தாரேன்னாங்கப்பா."

"வேண்டாம். வெறுசாவே இருக்கட்டும்."

இடது கையை வலது கையால் தூக்கிக் கியர்மேல் வைத்தார். முதல் வாரத்தில் செய்தது போலத்தான். நான்கு வாரம் வீணாகியிருந்தது. முதல் கியர் விழ மூன்று தடவை தள்ளினார். மூன்றாவது தடவை விழுந்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள்.

கை முழுவதும் சரியாகவில்லை. சட்டைப் பொத்தான் இன்றும் போட வராது. ஆனால் டம்ளரைப் பிடிக்கிறார். ஐந்தாவது கியர் வரை போடுகிறார். நாலு மாதம் கழித்து ஒருநாள், புதிய பதிப்பில் மலைப்பாதை வந்திருக்கிறதாமே என்று அவரே கேட்டார். அவருக்கு அதை யார் சொன்னது என்று தெரியவில்லை. பழைய ஃபோல்டரைத் தொடாமல், மூன்றாவதாக ஒன்று தொடங்கினேன். சேவைப் பிரதியெடுத்து அதில் வைத்தேன், ஒவ்வொரு மோட்டாகப் புதிய பதிப்புக்கு மாற்றித் திறந்தேன். ஒன்பது நாள் ஆனது. ஏழு மோட் கடைசி வரை வரவில்லை, அவற்றைக் கைவிட்டேன். லாரி வந்தது. அவருக்கு இப்போது இரண்டு வண்டி. சமவெளிக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என்கிறார். இரண்டும் ஒரே வண்டிதான் என்று நான் விளக்கப் போவதில்லை.

நாரணாபுரத்துக்காரரும் நானும் இப்போது அடிக்கடிப் பேசிக்கொள்கிறோம். அவர் வெறும் மரநிற லாரியைப் பழைய பெயர்களோடு எல்லோருக்கும் வெளியிட்டுவிட்டார். மயில் வண்டி காணாமல் போய்த் தவித்தவர்கள் வேறு பலரும் இருந்திருக்கிறார்கள். சேவ் திறக்கவில்லை என்று எழுதுகிறவர்களை அவர் என்னிடம் அனுப்பிவிடுகிறார். "நீங்கதான் விடாம உக்காருவீக" என்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருடைய சேவ் என்னிடம் இருக்கிறது. ஒன்று தூத்துக்குடியிலிருந்து, ஒன்று ஓசூரிலிருந்து. மூன்றாமவர் எந்த ஊர் என்று சொல்லவில்லை, ஆனால் கெஞ்சுகிறார். மூன்று பேரிடமும் இனித் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். பிரதி எடுத்தாகிவிட்டது. தூத்துக்குடியுடையதை முதலில் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.